நீரைப் படித்து மீனைச் சொல்லும் முறை

ஜப்பானில் கியோட்டோ மாகாணத்தின் வட எல்லையில், ஜப்பான் கடலைப் பார்த்தபடி மாய்ஸுரு விரிகுடா இருக்கிறது. 2014 ஜூனில் ஆய்வாளர்கள் படகெடுத்துப் போய் அங்கே 47 இடங்களில் நீர் அள்ளினார்கள். சுமார் 11 சதுர கிலோமீட்டர் பரப்பு, 6 மணி நேர வேலை. வலை வீசவில்லை, தூண்டில் போடவில்லை, யாரும் நீருக்குள் முங்கவில்லை. அள்ளிய நீரில் கிடந்த டி.என்.ஏ.வைப் படித்து, 128 மீனினங்களின் பெயர்களை 2017இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இப்படிச் செய்வதற்கு டி.என்.ஏ. மெட்டாபார்கோடிங் என்று பெயர். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆறு, குளம், கடல், மண், காற்று என்று எல்லா இடத்திலும் உயிரினங்களைத் தேட இதைத்தான் கையில் எடுக்கிறார்கள். "ஒரு பாட்டில் நீர் போதும், கடலில் உள்ள அத்தனை மீனையும் எண்ணிவிடலாம்" என்ற தோரணையில் செய்திகள் வருகின்றன. படித்தவர்களில் ஒரு சாரார் அப்படியே நம்பிவிடுகிறார்கள். கடலோரத்தில் வளர்ந்தவர்களோ, மீனைப் பார்க்காமல் மீனைச் சொல்வது எப்படி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் வழுக்குகின்றன. அந்த 128 என்ற எண்ணை அவர்கள் மீன்களின் குடிக்கணக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்தப் பாட்டில்களுக்குள் வந்து சேர்ந்த தடயங்களின் பட்டியல். தடயத்திலிருந்து மீனுக்குப் போகும் வழியில் என்னென்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்த முறையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது தானாகப் புரியும்.

மீன் நீந்தும்போது தன் உடம்பில் கொஞ்சத்தை நீரில் விட்டுக்கொண்டே போகிறது. மேலே பூசினாற்போல் இருக்கும் வழுவழுப்பு, உரியும் தோல், கழிவு, சினைக்காலத்தில் முட்டையும் விந்தும். இவற்றில் எல்லாம் செல்கள் உண்டு, செல்லுக்குள் டி.என்.ஏ. உண்டு. செல் உடைந்தால் அது நீரில் கலந்துவிடும். ஆனால் நெடுநாள் நிற்காது. வெயிலும் சூடும் நுண்ணுயிர்களும் அதை அரித்துவிடும். கடல்நீரில் பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாள்வரைதான் அதற்கு ஆயுள். அதனால்தான் நீரை அள்ளியதும் பனிக்கட்டியில் வைத்து விரைந்து கொண்டுபோய் வடிகட்டுகிறார்கள், அல்லது படகிலேயே வடிகட்டிவிடுகிறார்கள்.

வடிதாள் கண்ணாடி இழையால் ஆனது. அதன் துளை 0.7 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியது. நீர் கீழே இறங்க, தாளில் லேசாக நிறம் ஏறும். கலங்கிய நீராக இருந்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். மீனின் செல்கள், செல்லின் துண்டுகள், பாசி, பாக்டீரியா, சேறு எல்லாம் அந்த வட்டத் தாளில்தான் தங்கும். அதிலிருந்து டி.என்.ஏ.வை மட்டும் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது சில துளி தெளிந்த திரவம். அதிலும் பெரும்பகுதி பாக்டீரியாவுக்கும் பாசிக்கும் சொந்தமானது. மீனின் பங்கு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை எப்படித் தேடிப் பிடிப்பது?

இதற்கான அடிப்படையைப் போட்டவர்களில் முக்கியமானவர் கனடாவில் குயெல்ஃப் பல்கலைக்கழகத்தின் பால் ஹெபர்ட். விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்தாலே எந்த இனம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று அவரும் கூட்டாளிகளும் 2003இல் முன்வைத்தார்கள். கடையில் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் பார்கோடின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. ஒரு செல்லில் உட்கரு ஒன்றுதான். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருக்கும். உடைந்து சிதறிய பிறகும் அதில் ஏதாவது ஒன்று கைக்கு அகப்பட வாய்ப்பு அதிகம்.

ஹெபர்ட்டின் முறையில் ஒரு மீனின் சதையைக் கொடுத்தால் ஒரு பெயர் வரும். பல உயிர்கள் கலந்த கலவையைக் கொடுத்து எல்லாப் பெயர்களையும் ஒரே நேரத்தில் கேட்பதுதான் மெட்டாபார்கோடிங். நீரில் கிடக்கும் டி.என்.ஏ. நைந்து துண்டாகிப் போயிருப்பதால், 650 எழுத்து நீளத்தை அதில் முழுசாகப் பிடிப்பது கடினம். ஜப்பானில் சிபா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மசாகி மியாவும் அவரது குழுவினரும் 2015இல் ஒரு தீர்வு சொன்னார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் 12எஸ் என்ற மரபணுவில் சுமார் 170 எழுத்து நீளமுள்ள ஒரு பகுதியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதன் இரு ஓரங்களும் ஏறக்குறைய எல்லா மீன்களிலும் ஒன்றுபோல இருக்கும், நடுப்பகுதி மட்டும் இனத்துக்கு இனம் மாறும். ஓரங்களில் போய் ஒட்டிக்கொள்ளும் குட்டி டி.என்.ஏ. துண்டுகளுக்குப் பிரைமர் என்று பெயர். மியா குழு உருவாக்கிய பிரைமர் இணைக்கு மிஃபிஷ் என்று பெயரிட்டார்கள். மாய்ஸுருவில் பயன்பட்டது இதுதான்.

பிரைமர் ஒட்டிய துண்டு மட்டும் பெருகும். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பி.சி.ஆர். தான் இங்கும். ஒவ்வொரு சுற்றிலும் துண்டு இரண்டு மடங்காகும். 35 சுற்று ஓடினால் ஏட்டுக்கணக்கில் ஒரு துண்டு 3,400 கோடிக்கு மேல் ஆகிவிடும். நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் இல்லாததுபோலக் கிடந்தது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடும். எந்தத் துண்டு எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்பது மறந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு மாதிரிக்கும் சில எழுத்துகளை அடையாளமாகக் கோத்துவிடுவார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இயந்திரத்தில் இட்டால் அது லட்சக்கணக்கான துண்டுகளை எழுத்தெழுத்தாகப் படித்துத் தருகிறது.

படித்து வந்தது அப்படியே பட்டியல் ஆகிவிடாது. இயந்திரம் சில எழுத்துகளைத் தவறாகப் படித்திருக்கும். பெருக்கும்போது இரண்டு மீன்களின் துண்டுகள் ஒட்டிக்கொண்டு, உலகத்திலேயே இல்லாத ஒரு மீன் உருவாகியிருக்கும். ஒரு பாட்டிலின் அடையாளம் இன்னொன்றுக்குத் தாவியிருக்கும். இவற்றைக் கணினியில் களைந்து, மிஞ்சியதை ஏற்கெனவே பெயர் தெரிந்த மீன்களின் வரிசைகளோடு ஒப்பிட்டுத்தான் பெயர் இடுகிறார்கள். இந்த வேலையில் நான் பெரிதும் மதிப்பது, வெளியே பேசப்படாத ஒரு பழக்கத்தை. சுத்தமான நீரையும் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, அதையும் மற்ற மாதிரிகளைப் போலவே வடிகட்டி, பிரித்து, பெருக்கி, கடைசிவரை கொண்டுபோவார்கள். அதில் ஒரு மீனின் பெயர் வந்துவிட்டால், அது கடலிலிருந்து வரவில்லை, மேசையிலிருந்தோ கையுறையிலிருந்தோ வந்திருக்கிறது என்று பொருள். இந்த வெற்று மாதிரியின் முடிவைச் சொல்லாத அறிக்கையை நம்பத் தேவையில்லை.

நீர் ஒரு வழி மட்டுமே. பூச்சிப் பொறியில் விழுந்த ஆயிரக்கணக்கான பூச்சிகளை மொத்தமாக எடுத்து டி.என்.ஏ. பிரித்து யார் யார் என்று பார்ப்பதும் இதே குடும்பம்தான். 2012இல் வியட்நாமின் அன்னமைட் மலைக்காட்டில் பிடித்த 25 அட்டைகளைச் சோதித்ததில் 21இல் பாலூட்டிகளின் டி.என்.ஏ. கிடைத்தது. 2000இல்தான் அறிவியல் பெயர் பெற்ற, மிக அரிதாகவே கண்ணில் படும் வரிமுயலும் அதில் இருந்தது. 2022இல் கோபன்ஹேகன் விலங்குக் காட்சிசாலையில் காற்றை உறிஞ்சி வடிகட்டிய ஆய்வாளர்கள் 49 முதுகெலும்பிகளின் பெயர்களைச் சொன்னார்கள். கருவிகள் மாறுகின்றன, தர்க்கம் ஒன்றே. இங்கே மாய்ஸுருவையே விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம், அந்த விரிகுடாவில் பாட்டிலின் சொல்லை ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு சாட்சியும் இருந்ததுதான்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீன்வள ஆய்வு நிலையம் மாய்ஸுருவில் இருக்கிறது. அங்கே ரெய்ஜி மசுதா 2002 முதல் மாதம் இருமுறை நீருக்குள் இறங்கி, ஒரே பாதையில் நீந்தி, கண்ணில் பட்ட மீன்களின் இனத்தையும் எண்ணிக்கையையும் அளவையும் எழுதிவந்தார். கோடை, பனிக்காலம் என்று பார்க்காமல் செய்த வேலை. அதில் 12 ஆண்டுக் கணக்கை, 285 முறை எடுத்த எண்ணிக்கையை வைத்துத்தான், அங்கு அதிகம் காணப்படும் 14 மீன்களும் ஒரு சொறிமீனும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்ற ஆய்வு 2018இல் நேச்சர் இதழில் வந்தது. அதே கரைப்பக்கம், தகஹாமா அணுமின் நிலையத்தின் வெதுநீர் கலக்கும் இடத்தில், குளிர்காலத்திலும் வெப்பமண்டல மீன்கள் தங்கியிருந்ததை அவர் பார்த்திருந்தார். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2012இல் நிலையம் நிறுத்தப்பட்டதும் நீரின் சூடு சுமார் 3 டிகிரி குறைந்தது. அந்த மீன்கள் இல்லாமல் போயின. பாட்டில் நீரும் அந்தப் பெயர்கள் மறைந்ததைச் சொல்லியிருக்கலாம். எந்த அளவு மீன்கள், எங்கே கூடியிருந்தன என்பதைச் சொல்ல நீருக்குள் இறங்கிய கண்தான் வேண்டியிருந்தது.

இப்போது 128க்குத் திரும்பலாம். 14 ஆண்டுகள் நீருக்குள் பார்த்து எழுதிய பட்டியலோடு இதை ஒப்பிட்டார்கள். 40 இனங்கள் இரண்டிலும் இருந்தன. கண்ணால் பார்க்காத, ஆனால் அந்த வட்டாரத்து மீன்களேயான 23 இனங்களாவது பாட்டிலில் கூடுதலாகக் கிடைத்தன. ஆழத்தில் வாழ்பவை, இரவில் மட்டும் வெளியே வருபவை, மணலில் புதைந்து கிடப்பவை, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் என்று முங்குநீச்சல்காரருக்கு அகப்படாத மீன்கள் ஏராளம். 6 மணி நேரத்தில் இவ்வளவு கிடைத்தது பெரிய விஷயம். இதைச் சிறுமைப்படுத்துவது நேர்மையாகாது. ஆனால் 40ஐயும் 23ஐயும் கூட்டினால் 63தான் வருகிறது. மீதிப் பெயர்களில் எது உண்மையில் அந்த விரிகுடாவில் நீந்தியது, எது வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்று ஒவ்வொன்றாக எடைபோட வேண்டியிருக்கிறது.

வேறெங்கிருந்து வரும்? அதே நாள் அள்ளிய நீரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு அதற்கு விடை சொன்னது. பாரை குடும்பத்தைச் சேர்ந்த, ஜப்பானியர் ஆஜி என்று விரும்பி உண்ணும் ஒரு மீனின் டி.என்.ஏ. எங்கெங்கே எவ்வளவு என்று அளந்தார்கள். படகில் எக்கோ சவுண்டரும் இருந்தது. அது ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து அடியில் மீன் கூட்டம் எவ்வளவு என்று மதிப்பிடும். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. நீர் அள்ளிய இடத்திலிருந்து சுமார் 150 மீட்டருக்குள் இருக்கும் மீன்களைத்தான் பாட்டில் பெரும்பாலும் பேசுகிறது என்றும் கணக்கில் தெரிந்தது. ஆனால் கரையில் ஒரு மொத்த மீன்சந்தை இருக்கிறது. அங்கிருந்து கடலுக்கு வந்த டி.என்.ஏ.வும் அளவைக் கூட்டிக்காட்டியது. கூடையைக் கழுவி ஊற்றிய நீரிலும் மீன் இருக்கிறது. அது அந்த விரிகுடாவில் பிடித்த மீனா, தொலைவிலிருந்து வந்து இறங்கிய மீனா என்று டி.என்.ஏ. சொல்லாது. உயிரோடு நீந்தியதா, பெட்டியில் பனிக்கட்டிக்குள் கிடந்ததா என்றும் சொல்லாது.

சந்தை மட்டுமா? வீட்டுச் சாக்கடை, உணவகத்துக் கழிவு, மீன் பண்ணைத் தீவனம், மீனைத் தின்று பறந்துபோன பறவையின் எச்சம் என்று எல்லாவற்றிலும் மீனின் டி.என்.ஏ. உண்டு. ஆகவே இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் நீர் அள்ளும் இடத்தைக் குறிக்கும்போதே அருகில் என்ன இருக்கிறது, நீரோட்டம் எந்தப் பக்கம், கடைசியாக மழை எப்போது பெய்தது என்றெல்லாம் எழுதி வைக்கிறார்கள். ஆய்வகத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கரையில் எழுதாமல் விட்டதை அங்கே ஈடுகட்ட முடியாது.

அடுத்து, எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அது அளவு. ஒரு பாட்டிலில் நெத்திலியின் துண்டுகள் 60 விழுக்காடு, பேத்தையின் துண்டுகள் 5 விழுக்காடு என்று வந்தால், நெத்திலி பன்னிரண்டு மடங்கு அதிகம் என்று எழுதத் தோன்றும். எழுதக்கூடாது. பெரிய மீன் அதிகம் விடும், சிறியது குறைவாக விடும். சினைக்காலத்தில் ஒரே நாளில் அளவு எகிறும். வெதுநீரில் ஒருவிதம், குளிர்நீரில் ஒருவிதம். இவற்றைக்கூட ஒருவாறு கணிக்கலாம். பிரைமர் செய்யும் குழப்பம்தான் பெரியது. ஓரங்கள் "ஏறக்குறைய" ஒன்றுபோல இருக்கும் என்று சொன்னேன் அல்லவா, அந்த ஏறக்குறையவில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிரைமர் சரியாக ஒட்டாமல் போகலாம். சுற்றுக்குச் சுற்று அந்த இனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, 35 சுற்று முடியும்போது ஒரேயடியாக ஒதுங்கிவிடலாம். சுறாவுக்கும் திருக்கைக்கும் ஓரங்கள் வேறாக இருப்பதால், மியா குழுவினர் அவற்றுக்கென்று தனி பிரைமர் இணையே செய்ய வேண்டியிருந்தது. தெருவில் நடந்துபோகும்போது ஏதோ ஒரு வீட்டில் கருவாடு வறுக்கிறார்கள் என்று மூக்கு சொல்லிவிடும். எத்தனை கருவாடு என்று சொல்லாது. ஆஜி ஆய்வு அளவைச் சொன்னதே என்று கேட்கலாம். அது ஒரே இனத்தை மட்டும் குறிவைத்து, அதற்கென்று தனியாகச் செய்த சோதனை. பல பெயர்களை ஒரே வீச்சில் கேட்கும்போது அந்த நுட்பம் பெருமளவு போய்விடும். அதனால் மெட்டாபார்கோடிங் பட்டியலில் மேலே இருக்கும் மீன் கடலில் அதிகம் என்று யாராவது சொன்னால், எதை வைத்து அளவை ஒப்பிட்டார்கள் என்று கேட்பதுதான் முதல் வேலை.

"இல்லை" என்ற முடிவு இன்னும் கவனமாகப் படிக்க வேண்டியது. மிஃபிஷ் பிரைமரைச் சோதிக்க ஒகினாவாவின் சுராவுமி மீன்காட்சியகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தொட்டிக்குள் எந்தெந்த இனங்கள் இருக்கின்றன என்பது முன்கூட்டியே தெரியும் என்பதால், கருவியைப் பரீட்சை செய்ய அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான்கு தொட்டிகளில் 180 இனங்கள் இருந்தன. 168 இனங்களின் டி.என்.ஏ. கிடைத்தது. 93 விழுக்காட்டுக்கு மேல் என்பது அருமையான தேர்ச்சிதான். ஆனாலும் சுவருக்குள் அடைபட்டு, நாள்தோறும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த மீன்களிலேயே 12 இனங்கள் தப்பிவிட்டன. அலையும் ஓட்டமும் ஆழமும் உள்ள திறந்த கடலில் ஒரு லிட்டர் நீரில் ஒரு மீனின் தடயம் சிக்காமல் போனால் அதில் வியப்பு என்ன இருக்கிறது? வெற்று மாதிரி சுத்தமாக இருந்து, பெயர் கிடைத்தது என்றால் தடயம் இருக்கிறது என்று சொல்லலாம். கிடைக்கவில்லை என்றால், எத்தனை பாட்டில், எத்தனை இடம், எந்தப் பருவம் என்று கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது.

இங்கிலாந்து இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது பயன் தரும். கொண்டைச் சாலமாண்டர் என்று சொல்லத்தக்க ஒரு நீர்நில வாழ்வி அங்கே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அது வாழும் குளத்தை உரிமம் இல்லாமல் தூர்த்துக் கட்டடம் கட்டிவிட முடியாது. 2014இலிருந்து, அது ஒரு குளத்தில் இருக்கிறதா இல்லையா என்பதற்குக் குளத்து நீரின் டி.என்.ஏ. சோதனையையும் சான்றாக ஏற்கிறார்கள். ஆனால் விதி கறாரானது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிவுவரை எடுத்த நீர்தான் செல்லும். ஒரு குளத்தைச் சுற்றி 20 இடங்களில் அள்ள வேண்டும். பயிற்சி பெற்றவர்தான் அள்ள வேண்டும். ஒரே ஒரு இனத்தைப் பற்றி "இங்கே இல்லை" என்று சொல்வதற்கே இவ்வளவு. நூறு இனங்களை ஒரே பாட்டிலில் தேடிவிட்டு, கிடைக்காதவை எல்லாம் இல்லை என்று எழுதுவதற்கு எத்தனை மடங்கு கவனம் வேண்டும்?

இந்தியாவில் துறைமுகம், அனல்மின் நிலையம், நெடுஞ்சாலை போன்ற பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். டி.என்.ஏ. சோதனையின் விலை இறங்க இறங்க, அந்த அறிக்கைகளுக்குள்ளும் இது நுழையும். நுழைய வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். உரிய முறையில் செய்தால் இரண்டு நாள் சுற்றிப் பார்த்து எழுதும் பட்டியலைவிட அது பல மடங்கு மேல். ஆனால் ஒரே பருவத்தில் சில பாட்டில் நீரை எடுத்துவிட்டு, "அரிய இனம் எதுவும் தென்படவில்லை" என்று முத்திரை குத்துவதற்கு இதை யாரும் பயன்படுத்த இடம் கொடுக்கக்கூடாது. இங்கிலாந்தில் இருப்பதுபோல எப்போது, எத்தனை இடத்தில், யார் அள்ளுவது என்ற விதி முதலில் வரட்டும். நம் ஊர்க் கரைகளில் ஏலக்கூடமும் ஐஸ் பெட்டியும் கடலை ஒட்டியே இருக்கின்றன என்பதால், மாய்ஸுரு சந்தையின் பாடம் நமக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

விதியைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இயந்திரம் தருவது எழுத்து வரிசை மட்டும். அதற்குப் பெயர் வேண்டுமென்றால், அந்த மீனை யாரோ ஒருவர் முன்பே பிடித்து, செதிலையும் துடுப்பு முள்ளையும் எண்ணி, இன்ன இனம் என்று தீர்மானித்து, ஒரு துண்டு சதையைப் படித்து வைத்திருக்க வேண்டும். அந்த மீனின் உடலும் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். நாளை சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்க அதுதான் ஆதாரம். மாய்ஸுருவில் பெயர்கள் மளமளவென்று வந்ததற்கு, ஜப்பானிய மீன்களைப் பல பத்தாண்டுகளாக அப்படிச் சேர்த்துவைத்தவர்களே காரணம். வெப்பமண்டலக் கடல்களில் இனங்கள் அதிகம், வரிசைகளின் சேமிப்பு குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் கணினி சும்மா இருக்காது. சரியான மீன் பட்டியலில் இல்லாவிட்டால், அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும் வேறொரு மீனின் பெயரை நீட்டிவிடும். மன்னார் வளைகுடாவில் வடக்குப் பசிபிக் மீன் ஒன்று இருப்பதாகப் பட்டியல் வந்தால், அது புதுக் கண்டுபிடிப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் மீனின் வரிசை சேமிப்பில் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். சேமிப்பு முழுமையாக இருந்தாலும் சில உறவினர்களை 170 எழுத்துகளால் பிரிக்க முடியாது. சூரை மீன்களில் நெருங்கிய இனங்களும், ஜப்பானியப் பேத்தைகளில் சிலவும் அந்தப் பகுதியில் ஒன்றுபோலவே இருக்கும். அங்கே இனத்தின் பெயரைச் சொல்லாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

ஆகவே மெட்டாபார்கோடிங் வந்துவிட்டது, இனி வகைப்பாட்டியல் படித்தவர்கள் தேவையில்லை என்று நினைப்பது தலைகீழ்ப் பாடம். அவர்கள் முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறார்கள். கல்லூரிகளில் அந்தப் படிப்புக்கு ஆள் சேர்வது குறைந்துகொண்டே போகிறது, ஆய்வுப் பணமோ இயந்திரத்தின் பக்கம் சாய்கிறது. மீன் இறங்குதளத்தில் விடியற்காலையில் நின்று, கூடையில் வந்ததைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும் மீனவருடன் பேசி, மாதிரி எடுத்து, பெயரையும் வரிசையையும் ஒன்றோடொன்று கோத்து வைக்கும் வேலைக்கு அதில் ஒரு பங்கு ஒதுக்கினால் இயந்திரத்துக்குச் செலவழித்ததும் வீணாகாது.

எதற்கு இந்த முறை மிகவும் ஏற்றது? என் கணிப்பில், ஒரே இடத்தில், ஒரே விதமாக, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும் கண்காணிப்புக்கு. ஒரு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் பிரைமரின் சார்பும் சேமிப்பின் ஓட்டையும் அதைக் கோணலாக்கியிருக்கும். ஆனால் அதே பிரைமர், அதே வடிதாள், அதே அளவு நீர் என்று தொடர்ந்தால் கோணல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதேதான். ஆகவே இந்த ஆண்டுக்கும் போன ஆண்டுக்கும் இடையே தெரியும் மாற்றத்தில் உண்மை இருக்கும். வெதுநீர் மீன் வடக்கே நகர்கிறதா, அயல் இனம் ஏதும் நுழைந்துவிட்டதா, தடைக்காலத்துக்குப் பிறகு திரும்பி வந்தது எது என்பதையெல்லாம் இப்படித்தான் பிடிக்க முடியும். ஜப்பானில் இதைப் புரிந்துகொண்டு நாடு முழுக்க ஒரே நெறிமுறையில் நீர் அள்ளும் வலையமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். தன்னார்வலர்களும் அதில் அள்ளித் தருகிறார்கள். அனிமோனி என்ற அதன் தரவுத்தளத்தை 2022இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நீர் அள்ளுவதற்குப் பட்டம் தேவையில்லை, கையுறை மாட்டி, விதியைப் பின்பற்றினால் போதும் என்பது இந்த முறையின் பெரிய பலம். முங்குநீச்சலுக்கு அப்படி ஊரைக் கூட்ட முடியாது.

இப்படி வரும் தரவில் பெயர் கிடைக்காத வரிசைகளும் இருக்கும். அவற்றைக் குப்பை என்று கழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கழிக்காமல் எண் கொடுத்து, எந்த நாள், எந்த இடம் என்ற குறிப்போடு வைத்துவிட வேண்டும். பிரித்தெடுத்த டி.என்.ஏ.வையும் உறைகுளிரில் சேமித்தால் பல ஆண்டுகள் நிற்கும். பிற்பாடு யாராவது ஒருவர் ஒரு மீனைப் பிடித்து, இனம் தீர்மானித்து, அதன் வரிசையைச் சேமிப்பில் ஏற்றும்போது, இன்று பெயரில்லாமல் கிடக்கும் வரிசையோடு அது பொருந்தலாம். அப்போது அந்த மீன் எந்த ஆண்டிலிருந்து, எந்தெந்தக் கரையில் இருந்தது என்ற தகவலைப் பழைய பாட்டில்களிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.